கண்ணாடி மேசையில் எது இருக்கலாம், எது பீரோவுக்குள் போகணும்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்து எட்டு மாதம் ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சீரோடு வந்த டிரெஸ்ஸிங் டேபிள் நிறைய மேக்கப் சாமான். வைக்க இடமில்லை, தேடினால் கிடைப்பதில்லை, எந்த மாதிரி ஆர்கனைசர் வாங்கலாம் என்பது கேள்வி. ஆனால் கேள்விக்குக் கீழே அவர் எழுதியிருப்பதைப் படித்தால் விஷயம் வேறு. ஐப்பசி மழையில் காம்பாக்ட் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்துவிட்டது. கத்திரி வெயிலில் லிப்ஸ்டிக் முத்து முத்தாக வேர்த்தது. நாத்தனார் மகள் வந்தால் கண்மை முதல் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டியைப் பிரிக்கவே மனசு வரவில்லை. ஆக, அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது, மிச்சத்தை இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கெடாமல் எங்கே வைப்பது. ஆர்கனைசர் அதற்கெல்லாம் பிறகுதான்.

நான் கும்பகோணத்தில் 17 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதற்கு முன் தஞ்சாவூரில் ஓராண்டு அழகுக்கலை படித்தேன். சாமான்களைப் பற்றி, அவை எப்படிக் கெடுகின்றன என்பது பற்றி, எனக்கு நல்ல பழக்கம் உண்டு. தோல் வியாதிக்கு நான் ஆள் இல்லை. முகத்தில் தடிப்போ, கண்ணில் சிவப்போ வந்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடமோ கண் மருத்துவரிடமோ போங்கள். போகும்போது அந்தப் பொருளையும் டப்பாவோடு எடுத்துப்போங்கள்.

முதல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, வீட்டில் இருக்கிற அத்தனை சாமானையும் அதில் கொட்டுங்கள். மேசையில் இருப்பது மட்டும் போதாது. கைப்பையில் இருப்பது, குளியலறை மாடத்தில் இருப்பது, பீரோ லாக்கரில் துணியில் சுற்றி வைத்திருப்பது எல்லாம் வரட்டும். மூன்று நான்கு ஒரே நிற லிப்ஸ்டிக் இருப்பது அப்போதுதான் தெரியும். என்னிடம் வரும் மணப்பெண்களின் வீட்டில் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். பாதிக்குப் பாதி சாமான் அந்த வேட்டியைத் தாண்டி மேசைக்குத் திரும்புவதில்லை.

பிரிக்கும்போது முதலில் கண்ணுக்குப் போடுபவற்றை எடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆனால் போய்விட வேண்டும். குச்சி ஒவ்வொரு முறையும் இமையில் இருக்கும் கிருமியை எடுத்துக்கொண்டு ஈரமான இருட்டுக் குழாய்க்குள் போகிறது. கிருமி வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ எச்சிலோ விட்டுக் கலக்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், கண் விஷயம். திரவ ஐலைனருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பென்சில் கண்மை பரவாயில்லை, சீவச் சீவப் புது முனை வரும், கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணில் கட்டியோ மெட்ராஸ் ஐயோ வந்து போயிருந்தால், அந்த வாரம் கண்ணில் பட்ட எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. பாட்டி வீட்டில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, விளக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த மை இருக்கிறதா? அதில் கெடாமல் காக்கும் சேர்மானம் எதுவும் இல்லை. கொஞ்சமாகப் பிடித்து, சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது. பேரில்லாத டப்பாவில் வரும் சுர்மாவை மட்டும் கண்ணில் வைக்காதீர்கள். சிலவற்றில் ஈயம் கலந்த கல்லையே அரைத்துப் போடுகிறார்கள்.

அடுத்தது டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது. நம் நாட்டில் அழகுசாதனங்களுக்கென்று 2020-இல் தனி விதிகள் வந்தன. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, இவை டப்பாவிலோ அட்டையிலோ இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சாமானில் மூடி திறந்த சின்ன ஜாடி ஒன்று படமாகப் போட்டு, அதற்குள் 6எம், 12எம், 24எம் என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் என்று அர்த்தம். நம்மில் பலரும் அட்டைப்பெட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுகிறோம், தேதியும் அதோடு போய்விடுகிறது. இனிமேல் எதைத் திறந்தாலும் ஒரு துண்டு காகித டேப்பில் மாதமும் வருடமும் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் ஒட்டாத பொருள் ஒன்றுகூட இல்லை. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தீபாவளிக்கு வாங்கியதா பொங்கலுக்கு வாங்கியதா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி வருவது அவ்வளவு அறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. பவுடர், ஐஷேடோ, பிளஷ் மாதிரி உலர்ந்த பொருளில் தண்ணீர் இல்லை, அதனால் நீண்ட நாள் தாங்கும். இரண்டு வருடம் வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊரில் ஈரத் துணியைக் காயப்போட்ட அறையிலேயே டேபிளும் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. நான் தேதியைவிட மூக்கையும் கண்ணையும் நம்புகிறேன். உங்கள் காம்பாக்டில் படர்ந்த வெள்ளை, பஞ்சு மாதிரி மெல்லிய ரோமத்தோடு இருந்து, மூடியைத் திறந்ததும் மக்கல் வாடை அடித்தால் அது பூஞ்சைதான். மேலாகச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள், வேர் உள்ளே இருக்கும். அப்படி இல்லாமல் மேற்பரப்பு மட்டும் மெழுகு பூசினாற்போல் பளபளவென்று இறுகியிருந்தால், அது முகத்து எண்ணெய் பஃப் வழியாக ஏறியது. செல்லோ டேப்பை மேலே ஒட்டி ஒரு இழு இழுத்தால் அந்த ஏடு வந்துவிடும், அடியில் நல்ல பவுடர் இருக்கும். பஃபைத் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள்.

லிப்ஸ்டிக் வேர்ப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் மெழுகும் எண்ணெயும், பெரும்பாலும் விளக்கெண்ணெய், சேர்ந்திருக்கும். சூடு ஏறும்போது எண்ணெய் கசிந்து மேலே வந்து துளியாக நிற்கிறது. அதனால் மட்டும் அது கெட்டுப்போனது ஆகாது. குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடலாம். பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வருமே, அந்தக் காறல் வாடை வந்தால்தான் கழிக்க வேண்டும். ஃபவுண்டேஷன் பிரிந்து நின்றால் முதலில் குலுக்கிப் பாருங்கள். குலுக்கியும் சேராமல் எண்ணெய் தனியே, மாவு தனியே என்றால் முடிந்தது. சன்ஸ்கிரீனில் மட்டும் தேதி தாண்டினால் நான் வாடைகூடப் பார்ப்பதில்லை. அது கெட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெயிலைத் தடுக்கும் வேலையை நிறுத்தியிருக்கலாம். வைட்டமின் சி சீரம் தண்ணீர் மாதிரி வந்து, தேன் நிறமாகி, பிறகு பழுப்பானால் அதன் சக்தி போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு பொருளை மட்டும் தேதி, வாடை எதுவும் பார்க்காமல் ஓரம் கட்டச் சொல்வேன். முகம் வெளுக்கும் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்த, முகவரி உரிம எண் எதுவும் இல்லாத கிரீம். முகத்துப் பூச்சில் பாதரசம் தற்செயலாகக் கலந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பேரில்லாத வெள்ளை கிரீம்களில் அதைவிடப் பல மடங்கு பிடிபட்டிருக்கிறது. பாதரசம் பூசியவரோடு நிற்காது, தலையணை, துண்டு வழியாகக் குழந்தைக்கும் போகும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

கழித்த சாமானை ஆற்றிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது. நெயில் பாலிஷையும் ரிமூவரையும் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, அடுப்பில் போடவும் கூடாது. மூடி இறுக்கி, தனிக் கவரில் கட்டி, குப்பை வண்டியில் வருபவரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

சரி, மிச்சம் இருப்பதை எங்கே வைப்பது. நம் பக்கத்துக்கு இரண்டு எதிரிகள்: சித்திரை வைகாசியில் சூடு, ஐப்பசி கார்த்திகையில் ஈரம். பல கிரீம்களில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருப்பான். இங்கே கத்திரியில் வெளியே 38, 40 போகிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். ஆகவே உங்களால் முடிந்தால் டேபிளைக் கீழ்த்தளத்து அறையில், மேற்கு ஜன்னல் வெயில் படாத பக்கம் போடுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பழைய வீடுகளில் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். டேபிளின் பின்பலகை அதைக் குடித்து, டிராயர் உப்பிப்போய் இழுக்க வராது. சுவருக்கும் டேபிளுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் காற்று போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். குளியலறை மாடத்தில் ஃபேஸ் வாஷைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

இந்த ஈர விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் உண்டு. 2018-இல் கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்காக மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், சொந்தக்காரர் வீட்டில் பெட்டியோடு தங்கியிருந்தேன். நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. நாங்கள் இருந்த அறையில் ஓடு பறந்து, மழை நேரே உள்ளே கொட்டியது. விடிந்து பார்த்தால் நான் காசு சேர்த்து வாங்கிய, அடுக்கடுக்காகத் திறக்கும் மேக்கப் பெட்டிக்குள் ஒரு விரல் தண்ணீர். பவுடர் எல்லாம் குழம்பாகிவிட்டது. பிழைத்தது என்ன தெரியுமா? பெட்டியில் இடம் போதாமல் அத்தையிடம் வாங்கி, மாற்று லிப்ஸ்டிக்கும் ஐஷேடோவும் போட்டு வைத்திருந்த ஒரு எவர்சில்வர் சம்படம். இறுக்கமான மூடி, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அந்த ஊரில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது, கல்யாணமும் தள்ளிப்போனது. அன்றிலிருந்து என் வீட்டில் அன்றாடம் எடுக்காத மேக்கப் சாமான் முழுவதும் சம்படத்தில்தான்.

அதையே உங்களுக்கும் சொல்கிறேன். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் சாமானை இரண்டு மூன்று சம்படத்தில் பிரித்துப் போடுங்கள். சீர்வரிசையில் வந்து பரணில் கிடக்கும் சம்படமே போதும், மிளகாய்த்தூள் வாடை ஏறாததாக இருக்கட்டும். உள்ளே வெயிலும் போகாது, ஈரமும் போகாது, கரப்பானும் போகாது. புதுச் செருப்புப் பெட்டி, கைப்பையில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு சம்படத்திலும் இரண்டு போடுங்கள், குழந்தை கையில் மட்டும் கிடைக்க விடாதீர்கள். அரிசியைத் துணியில் முடிந்து போடச் சிலர் சொல்வார்கள். நான் போட்டுப் பார்த்தேன், வண்டுதான் வந்தது. பாச்சா உருண்டையும் கற்பூரமும் கூடவே கூடாது, பவுடரும் லிப்ஸ்டிக்கும் அந்த வாடையை இழுத்துக்கொண்டால் பிறகு போகாது. சம்படத்தை மூடும் முன் உள்ளே இருப்பது எல்லாம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மூடிய சம்படத்தைப் பீரோவின் அடித்தட்டில், பருத்திப் புடவை அடுக்குக்கு நடுவில் வையுங்கள். பகல் சூடு அங்கே எட்ட நேரமாகும். கத்திரியில் என் லிப்ஸ்டிக் வேர்க்காமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்துச் சொல்லவில்லை, பல வருடமாகக் கண்டது.

இப்போது மேசைக்கு வருவோம். அன்றாடம் காலையில் கை தொடுவது எத்தனை பொருள் என்று மூன்று நாள் எண்ணிப் பாருங்கள். சன்ஸ்கிரீன், ஒரு கிரீம், பவுடர், கண்மை, ஒரு லிப்ஸ்டிக் அல்லது லிப் பாம், பொட்டு, குங்குமம், சீப்பு, ஹேர்பின், ரப்பர் பேண்ட். பன்னிரண்டைத் தாண்டாது. அந்தப் பன்னிரண்டு மட்டும் மேசை மேல் இருக்கட்டும். அவற்றையும் பலகை மேல் பரப்பாமல் ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். பித்தளையோ எவர்சில்வரோ, கையகலம் இரண்டு போதும். மேசையைத் துடைக்க வேண்டுமானால் தாம்பாளத்தைத் தூக்கினால் முடிந்தது. விருந்தாளிக்கு அந்த அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டுமானாலும் அப்படியே எடுத்துப் போகலாம். டிரெஸ்ஸிங் டேபிளே இல்லாமல் பீரோ கண்ணாடி முன் நின்று ஒப்பனை செய்பவர்களுக்கும் இந்தத் தாம்பாளம் ஒன்றே போதும்.

தாம்பாளத்தில் உயரம், நிறம் பார்த்து அடுக்க வேண்டாம். முகத்தில் போடும் வரிசையில் வையுங்கள். இடதுபுறம் முதலில் பூசும் சன்ஸ்கிரீன், பிறகு பவுடர், கண்மை, உதடு, வலதுகோடியில் பொட்டு. இடக்கைக்காரர் என்றால் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய காலையில், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தானாகப் போய் எடுக்கும். கல்யாண வீட்டில் முகூர்த்த நேரம் நெருங்கும்போது நாங்கள் சாமான் பரப்புவது இப்படித்தான். இரண்டு வாரம் பழகினால் ஒரு பொருள் இடம் மாறினாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

மேல் டிராயரில் வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது. பழைய அட்டைப்பெட்டி, இனிப்புப் பெட்டியின் உள்தட்டு, ஏதாவது ஒன்றை வெட்டிக் கட்டம் கட்டினால் உருளாமல் நிற்கும். இதற்கென்று காசு போடாதீர்கள். லிப்ஸ்டிக்கைப் படுக்கவைத்து, நிறத்தைக் கொஞ்சம் காகித டேப்பில் தடவி மூடி மேல் ஒட்டினால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. காம்பாக்ட், ஐஷேடோ டப்பாக்களைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம், உடையாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய பஞ்சுத் தகடு வையுங்கள். திரவ ஃபவுண்டேஷன் மட்டும் நின்றபடி இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஆர்கனைசர் பார்க்க அழகுதான். ஆனால் வெளிச்சம் உள்ளே போகும், நம் தெருப் புழுதி முழுக்க அதில்தான் உட்காரும், நெயில் பாலிஷ் ரிமூவர் சிந்தினால் அந்த இடம் வெளுத்துக் கரைந்துவிடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூடி உள்ளதாக, உங்கள் டிராயரின் உள்ளளவை எடுத்துப் போய் வாங்குங்கள். சீர்காழிப் பக்கம் போகும்போது தைக்காலில் பிரம்புக் கூடை பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கும். சீப்பு, கிளிப், வளையல் போட்டு வைக்க அருமை. அடைமழையில் பிரம்பும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கிரீம், பவுடர் அதில் வேண்டாம்.

பிரஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. ஃபவுண்டேஷன் பூசும் பிரஷை ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது தோல் மருத்துவர்கள் சொல்வது. சாதாரண ஷாம்பு போதும். கழுவியதும் டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தகரப்பட்டைக்குள் இறங்கி, பசை விட்டு, முடி உதிரும். துண்டின் மேல் படுக்கவைத்து, தலை மட்டும் மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும்படி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நிமிர்த்தி டம்ளரில் வைக்கலாம், மேலே ஒரு சுத்தமான கைக்குட்டை. ஸ்பாஞ்சை அன்றன்றே கழுவிப் பிழிந்து காற்றில் வைக்க வேண்டும். அதை ஈரத்தோடு டப்பாவில் மூடினால் இரண்டே நாளில் உள்ளே கருப்புப் புள்ளி தெரியும். மழைக்காலத்தில் கழுவியது காயாது என்றால் அந்த இரண்டு மாதம் விரலாலேயே பூசுங்கள். கழுவிய கை போதும்.

பொட்டு விஷயம் தனி. கண்ணாடி ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்து மறுநாள் எடுத்து ஒட்டுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தப் பசையில் புழுதியும் ஈரமும் சேர்கிறது, மறுபடி நெற்றியில் படுகிறது. அதைவிட முக்கியம், சில பொட்டுப் பசையில் சேர்க்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த வட்டத்தில் தோல் வெளுத்துவிடும். நெற்றி நடுவில் அரிப்பு, செதில், வெளுப்பு எது தெரிந்தாலும் ஸ்டிக்கரை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பொட்டு அட்டையை டிராயரில் படுக்கையாக, வெயில் படாமல் வையுங்கள். குங்குமச் சிமிழில் ஈர விரலை விடாதீர்கள், தலையில் வைக்கும் பூவை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். மல்லிகைச் சரத்திலிருந்து சொட்டும் தண்ணீர்தான் சிமிழும் பவுடரும் கெட முதல் காரணம் என்று பல வீட்டில் பார்த்திருக்கிறேன். பூவுக்கு ஒரு தனிக் கிண்ணம், மேசைக்கு வெளியே. நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்குப் பொடி இருந்தால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து, மிச்சத்தைச் சமையலறையில் மற்ற மாவோடு வையுங்கள். வண்டு வந்தால் முதலில் சமைப்பவர் கண்ணுக்குத்தான் படும்.

நெயில் பாலிஷ், ரிமூவர், சென்ட், ஹேர் ஸ்ப்ரே நான்கும் தீப்பிடிக்கும் பொருள்கள். ஒரே அறையில் சாமி மாடமும் டிரெஸ்ஸிங் டேபிளும் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. விளக்கேற்றும் இடத்திலிருந்து இவை தள்ளி, கீழ் டிராயரில் நிற்கட்டும். ஸ்ப்ரே டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். வெயில் அடிக்கும் ஜன்னல் கட்டையிலும், நிறுத்தி வைத்த காரிலும் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும்.

நாத்தனார் மகள் விஷயத்துக்கு வருகிறேன். புகுந்த வீட்டில் ஒரு டப்பாவை மூடி வைத்தாலே பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். பூட்டு போடச் சொல்லமாட்டேன். பகிரக்கூடியது எது, கூடாதது எது என்று உங்கள் மனதில் முதலில் தெளிவாக இருக்கட்டும். நெயில் பாலிஷ், சென்ட், குங்குமம், தலைக்குப் போடும் கிளிப், இவற்றைக் கொடுப்பதில் பெரிய தவறில்லை. கண்மை, மஸ்காரா, ஐலைனர், லிப்ஸ்டிக் நான்கும் கணவருடைய சவரக் கத்தி மாதிரி, ஆளுக்கு ஒன்று. அவளுக்கென்று ஒரு சின்ன டப்பா போட்டு, அதில் புதுக் கண்மை ஒன்று, பிடித்த நிறத்தில் லிப் பாம் ஒன்று, கொஞ்சம் பொட்டு வைத்து, மேலே அவள் பெயரை எழுதி, உங்கள் தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வந்தால் அவள் கை நேரே அதற்குத்தான் போகும். அத்தை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் மற்றதைத் தொடமாட்டாள். இருநூறு ரூபாய்க்குள் முடியும். என் வீட்டில் என் கொழுந்தன் மகளுக்கு இப்படித்தான் செய்தேன், இன்றைக்கு அவள் தன் டப்பாவைத் தானே துடைத்து வைக்கிறாள்.

வெளிச்சம் சரியில்லை, வெளியே போய்ப் பார்த்தால் முகம் மாவு பூசினாற்போல் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உத்தரத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை டியூப் லைட்தான் காரணமாக இருக்கும். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், அதை மறைக்க நாம் இன்னும் பூசுவோம். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் டேபிளைத் திருப்புங்கள், பகல் வெளிச்சம் முகத்தில் பட வேண்டும். முற்றம் இருக்கும் வீடாக இருந்தால் முற்றத்துத் தாழ்வாரத்தில் ஒரு கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து பூசிப் பாருங்கள், அதைவிட நல்ல வெளிச்சம் எந்தக் கடையிலும் கிடைக்காது. விளக்குதான் வேண்டுமென்றால் கண்ணாடியின் இரண்டு பக்கமும் கண் உயரத்தில் எல்இடி பல்பு ஒவ்வொன்று போதும். அட்டையில் 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறம்), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று பார்த்து வாங்கினால் நிறம் பொய் சொல்லாது.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே வேறு யாரோ கேட்டிருந்தார்கள். கத்திரி மாதத்தில் லிப்ஸ்டிக்கை மூடிய டப்பாவில் போட்டுக் கதவுத் தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் பனித்து ஈரம் கட்டும். பவுடரை வைக்கவே வேண்டாம். கிரீமும் ஃபவுண்டேஷனும் உறைந்தால் பிரிந்துவிடும், ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், அந்தச் சிங்கப்பூர்ப் பெட்டி. மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என்று நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அண்ணனோ அப்பாவோ அனுப்பிய பெட்டி பிரிக்காமல் பீரோவில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரித்தால் தீர்ந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பிரிக்காத சாமானும் பழசாகிக்கொண்டுதான் இருக்கிறது, அட்டைக்குள் எண்ணெய் காறல் அடிப்பதையும், சென்ட் நிறம் மாறுவதையும் நானே பிரித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் அன்று அழுதுவிட்டாள். இந்த வாரம் பிரித்து, தேதி பாருங்கள். தேதி முதலில் முடிவது எதுவோ அது தாம்பாளத்துக்கு வரட்டும், மிச்சம் சம்படத்துக்குப் போகட்டும். அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு ஒரு வீடியோ கால் போட்டு அண்ணனிடம் காட்டுங்கள். காலி டப்பாவை வேண்டுமானால் கழுவிக் காயவைத்து ஹேர்பின் போட வைத்துக்கொள்ளலாம்.